அலமாரிக்குள் பதிந்த பாட்டு

பெருமதிப்பிற்குரிய என் அக்கா நெலிடாவுக்கு,

தம்பி எட்கார்டோ பணிவோடு எழுதுவது. உப்பங்கழிப் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டது. நானும் பூனையும் ஆளுக்கொரு போர்வைக்குள் சுகம். மொண்டெவிடியோவில் உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். மூன்று வாரமாகக் கடிதம் இல்லையே என்று திட்டாதே. நான் ஒரு அலமாரிக்குள் இருந்தேன்.

பள்ளிப் பாடகர் விழாவுக்கு எங்கள் பிள்ளைகளின் பாட்டைக் கம்ப்யூட்டரில் பதிந்து அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது, தேர்வானால் பதினொரு பேரும் உங்கள் ஊர் மேடையில் பாடலாம், ஆகாவிட்டால் அடுத்த வருடம் பாட்டு வகுப்பை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் கணக்கு நடத்துவார்கள் என்று தலைமையாசிரியை மிர்த்தா மெதுவாகச் சொன்னார், எனக்கோ கம்ப்யூட்டரைத் திறந்து மூட மட்டும்தான் தெரியும், அதையும் சில நாள் தலைகீழாக வைத்துத் திறப்பேன். போன வருடம் வந்த நடுவர்கள், இவ்வளவு மென்மையான கோரஸைக் கேட்டதே இல்லை என்று கண்கலங்கினார்களே, அந்த மென்மை கெடக்கூடாதென்று ஒலிப்பதிவு வழிகாட்டிப் புத்தகத்தை ஏழு முறை படித்தேன். முதல் நாள் எல்லாரையும் சேர்த்துப் பாடவிட்டேன், மைக்கில் பாட்டைவிட முற்றத்துக் கோழிதான் நன்றாக விழுந்தது. இரண்டாம் நாள் என் மாத்தே தேநீர் கீபோர்டில் கவிழ்ந்தது. குரல்களைத் தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்க்கலாம் என்று புத்தகம் சொன்னதால், மூன்றாம் நாள் பிள்ளைகளின் வெள்ளை அங்கிகள் தொங்கும் பெரிய அலமாரிக்குள் மைக்கை வைத்து, ஒவ்வொருவராக உள்ளே வரச்சொல்லி, நானும் ஒரு மூலையில் ஹெட்போனோடு உட்கார்ந்தேன். அக்கா, அங்கே உலகமே இல்லை. துவைத்த துணியின் வாசனை, இருட்டு, காதுக்குள் ஒரு சின்ன மூச்சு. கேட்கிறேனா, கனவு காண்கிறேனா என்று பாதி நேரம் எனக்கே தெரியவில்லை.

எங்கள் கோரஸின் தேன்குரல் பிலார் என்ற பெண்தான் என்று நான்கு வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அந்தப் பிலார் உள்ளே வந்து, கண்ணை மூடி, வாயை அழகாகத் திறந்தாள். குரல் திரையில் பச்சைக் கோடாக ஏறி இறங்க வேண்டும். கோடு காற்றில்லாத நாளின் கழித்தண்ணீர் மாதிரி படுத்தே கிடந்தது. மைக் செத்துவிட்டதென்று பிடித்து உலுக்கினேன்.

"அது நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் பாடல. எப்பவுமே வாயை மட்டும்தான் அசைப்பேன்."

"ஏம்மா?"

"நான் பாடினா ஸுல்மா அத்தை பாடுறது எனக்குக் கேக்காதே."

மற்ற பத்துப் பேரையும் விசாரித்தேன். அத்தனை பேரும் அதே காரணத்துக்காகத்தான் அடக்கி வாசித்திருக்கிறார்கள். ஸுல்மா எங்கள் பள்ளிச் சமையற்காரர். பாட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒற்றைப் பலகைச் சுவர்தான். நாங்கள் பாடும்போதெல்லாம் அவரும் உருளைக்கிழங்கு உரித்தபடி கூடவே பாடுவாராம். நடுவர்கள் கண்கலங்கியது அந்தக் குரலுக்கு. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நான்கு வருடம் கைவீசிக்கொண்டிருந்தவன் உன் தம்பி.

போய்க் கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"தப்புத்தான் வாத்தியாரே. இனிமே வாயை மூடிக்கிட்டு உரிக்கிறேன்."

சொன்னபடியே செய்தார். இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார்கள், பாட்டு வரவில்லை, சூப்பிலும் உப்பில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. முதல் நாள் பதிவைத் தேடியெடுத்தேன். பிலாருடையது என்று நான் நம்பியிருந்த குரல், கோழிக்குப் பின்னால், தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது. சமையலறைக்குப் போய் ஹெட்போனை ஸுல்மாவின் தலையில் மாட்டினேன். ஈரக்கையை முன்துணியில் துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னலில் பனி வந்து ஒட்டிக்கொண்டது. அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது. அவர் அசையவில்லை.

"யாரு வாத்தியாரே இந்தம்மா?" என்றார் கடைசியில். "பாவம், மனசுல எவ்வளவு வெச்சிருக்கா."

"நீங்கதான்."

"போங்க, கேலி பண்ணாதீங்க." ஹெட்போனைக் கழற்றாமலே, "இன்னொரு தடவ போடுங்க."

ஐந்து தடவை போட்டேன். அன்றைக்குப் பிள்ளைகள் அடிப்பிடித்த சூப்பைக் குடித்தார்கள், ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

பள்ளியைச் சேர்ந்தவர் யாரும் பாடலாம் என்றுதான் விழா விதி சொல்கிறது, ஸுல்மாவையும் பட்டியலில் சேர்த்தேன். "ஸுல்மா இல்லாட்டி இது பள்ளிக்கூடமா? பட்டினி மடம்!" என்று மிர்த்தா கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை, எதிரொலி அடங்க அங்கிகளையெல்லாம் சமையலறையில் தொங்கவிட்டு, பன்னிரண்டு பேரும் ஒரே மூச்சில் பாடினார்கள். நான் கைவீசவே மறந்துபோனேன். பனிக்குள் படகொன்று மெல்ல விலகிப் போவது மாதிரி பாட்டு முடிந்தது. உடனே அனுப்பிவிட்டேன். இனி அது கம்ப்யூட்டரில் என்றைக்கும் பத்திரமாக இருக்கும், அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உன் கூரை ஒழுகாதிருக்கட்டும், உன் முழங்கால் மாடிப்படி ஏறட்டும்.

உன் அன்புத் தம்பி,
எட்கார்டோ

பி.கு.: இதை மடிக்கும்போதே விழாக்காரர்களின் பதில் வந்தது. பாட்டு வந்து சேர்ந்ததாம், ஆனால் நான்கு நிமிடமும் ஒரு சத்தமும் இல்லையாம், திங்கட்கிழமைக்குள் வேறு அனுப்ப வேண்டுமாம். மைக்கின் பொத்தானை நான் அழுத்தவே இல்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சமையலறையில் போய்ச் சொன்னேன். "அப்போ நாம பாடினத வேற யாருமே கேக்கலையா?" என்றார் ஸுல்மா. "யாருமே." "நல்லதாப் போச்சு வாத்தியாரே. அத நமக்குன்னு வெச்சுக்குவோம். அவங்களுக்கு வேற பாடிக் குடுப்போம்." அக்கா, சுவருக்கு அந்தப்பக்கம் எனக்காகக் காத்திராமல் ஆரம்பித்துவிட்டார்கள். மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன்.