பச்சைப் புறாவும் சேலைக்கடை வேலையும்

திண்டுக்கல்,
14-6-1961

பெருமதிப்பிற்குரிய மச்சான் தங்கமுத்து அவர்களுக்கு, தங்கள் தங்கை அங்காளம்மாளின் வீட்டுக்காரன் மாயாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே தாங்களும் சொர்ணலட்சுமி அக்காவும் ஆத்தூர்த் தென்னைகளும் சுகமாயிருக்கப் பழனியாண்டவன் அருள வேண்டும்.

நிற்க. சின்னாளப்பட்டிச் சேலைக்கடையில் எனக்காகப் பேசி வைத்திருக்கும் மேனேஜர் வேலைக்கு வருகிறேன். கண்ணாடி உருக்கும் தொழிலை இன்று காலை பத்து மணியோடு விட்டுவிட்டேன்.

முப்பது வருஷம் ஆபீசில் காகிதம் புரட்டி ரிட்டயரானவனுக்கு இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்று கேட்டிருந்தீர்கள். கொல்லையில் குப்பையோடு எரிந்த வளையல் துண்டுகள் சாம்பலுக்குள் பூப்போல ஒட்டிக்கிடந்தன, அதைக் கையில் எடுத்ததுதான் நான் செய்த தப்பு, உடனே செங்கல் அடுக்கி உலை கட்டினேன், உங்கள் தங்கையோ "ஒடஞ்ச கண்ணாடி வீட்டுக்கு ஆகாதுங்க" என்று மூன்று நாள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனமே வைக்கவில்லை, உருக்கி ஒட்டிவிட்டால் அது உடைந்த கண்ணாடி இல்லையே என்று வாதாடி ரசம் வரை வாங்கினேன், அதற்குள் விஷயம் பரவித் தெருப் பெண்கள் எல்லாரும் முறத்தில் வளையல் துண்டு கொண்டுவந்து கொட்ட, ஒருத்தி விரிசல்விட்ட லாந்தர்ச் சிம்னியை நீட்டி "செத்த நேரம் நிக்கிறேன், ஒட்டிக் குடுங்க" என்றாள்.

கடைசியில் கம்பவுண்டர் மரியசெல்வம், புது வீட்டு வாசலுக்கு மேலே பதிக்க ஒரு வெள்ளைப் புறா கேட்டார். என் முதல் ஆர்டர்! வளையலில் வெள்ளைக்கு எங்கே போவது? "பச்சையா இருந்தாலும் பரவால்ல, கிளின்னு யாரும் சொல்லப்படாது" என்றார். ஊரிலிருந்த பச்சைத் துண்டெல்லாம் சேர்த்துப் புறா செய்தேன். உலையை மூடி இரண்டு நாள் ஆறவிட வேண்டும். அவர் பார்க்க வந்துவிட்டாரே என்று இன்று ஒரு நாள் முந்தித் திறந்தேன். புறா ஜொலித்தது. அன்று சண்டை போட்ட உங்கள் தங்கையே, "ஏங்க, இம்புட்டு அழகா இருக்கு, கண்ணு பட்டுரும்" என்று ஓடிப்போய் ஆலம் கரைத்து வந்தாள். மூன்று சுற்று சுற்றி, அந்த ஈர விரலால் சூட்டுக் கண்ணாடியில் பொட்டும் வைத்தாள். டப்! புறாவின் கழுத்து இரண்டாய்ப் போயிற்று. திங்கட்கிழமை பாதிரியார் வந்து வீடு மந்திரிப்பு. ஊரில் இனிப் பச்சைத் துண்டும் இல்லை, வளையல் கடையிலும் பச்சை தீர்ந்துவிட்டது. அவள் அழுகிறாள், எனக்கும் அழுகைதான் வருகிறது.

ஆகவே நாற்காலியில் உட்காரும் வேலையே மேல். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாயாண்டி

பி.கு. (17-6-1961): தபாலில் போடச் சொல்லி உங்கள் தங்கையிடம் கொடுத்த இந்தக் கடிதம், இன்று அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் கிடைத்தது. அன்று மாலையே அவள் புதுச் சிவப்பு வளையல் வாங்கி மாட்டிக்கொண்டு, பழனியில் ஆசையாய்ப் போட்ட பச்சை வளையல் ஒரு டஜனையும் கழற்றி அம்மியில் வைத்துத் தானே உடைத்தாள். "இதக் கழுத்துக்கு வைங்க" என்றாள். மறுபடி உருக்கினேன். இரண்டு நாள் உலை பக்கம் யாரும், முக்கியமாக நான், போகாதபடி விளக்குமாற்றுடன் காவலிருந்தாள். புறா முழுசாக வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சேவல் கேட்டிருக்கிறார். சேலைக்கடைக்கு வேறு ஆள் பார்க்கவும். திங்கட்கிழமை அவசியம் வாருங்கள். ஆனால் அக்காவின் கையை முந்தானையால் மூடி அழைத்து வரவும். இப்போதெல்லாம் யார் வந்தாலும் உங்கள் தங்கை முகத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைத்தான் பார்க்கிறாள்.