ஞாயிற்றுக்கிழமைக் கத்தி

வாசல் அறை இனிமேல் அருங்காட்சியகம் என்று மானேஜர் முடிவு செய்தார். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுவிட்டா ராஜாக்கள் கோட்டை கட்டினார்கள்?

மானேஜர் வேலை பார்ப்பது விபத்துக் காப்பீட்டு ஆபீஸில். சேர்ப்பது பழங்காலச் சவரக்கத்திகள். மடித்தால் சாது, விரித்தால் எமன். பெட்டி பெட்டியாக வைத்திருந்தார். அவற்றில் மகுடம், நீல வெல்வெட்டில் வரிசையாகப் படுத்திருக்கும் ஏழு கத்திகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமையின் பெயர் பொறித்திருக்கும். ஒருநாள் உழைத்த கத்தி மிச்ச ஆறு நாளும் ஓய்வெடுக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. கத்திக்கே இத்தனை விடுமுறை என்றால் அடுப்படியில் நிற்பவளுக்கு எத்தனை என்று மனைவி ஒருமுறை கேட்டாள். அன்றைக்கு மானேஜருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

விரல் பட்டால் வியர்வையில் துருப் பிடிக்குமாம். அதனால் மனைவியின் கையுறைகளைத் திருடி மாட்டிக்கொண்டுதான் கத்தியைத் தொடுவார். மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் பூசி, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்துவார். தான் சாப்பிட்ட தட்டை இந்தப் பாசத்தில் பாதியோடாவது கழுவியிருந்தால் இந்தக் கதைக்கே அவசியம் வந்திருக்காது.

மனைவி பல் டாக்டர். யாரோ ஒருவர் கிளினிக்கில், யாரோ ஒருவர் பெயர்ப்பலகைக்குக் கீழே, வருஷக்கணக்காகப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வாசல் அறைக்குத் தெருப்பக்கம் தனிக்கதவு உண்டு. அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு, தன் பெயரைத் தானே மாட்டிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. இதில் ஏதாவது அநியாயம் இருக்கிறதா? மானேஜருக்கும் இந்த ஆசை தெரியும். அதனால்தான் கண்ணாடி அலமாரிக்கு அத்தனை அவசரமாக ஆர்டர் கொடுத்தார்.

"ஏங்க, சும்மா தூங்கற கத்திக்கு ஒரு ரூமா? கட்டிலுக்கு அடியில வைங்க போதும்."

"தூங்குதா! தினமும் உழைக்குது. நான் எதுல ஷேவ் பண்றேன்னு நினைச்சே?"

"எதுல?"

"அந்தந்தக் கிழமைக்கு அந்தந்தக் கத்தி. திங்கள்னா திங்கள். செவ்வாய்னா செவ்வாய்."

"அதுக்குத்தான் பாத்ரூம் கதவைத் தாப்பாள் போட்டுக்கறீங்களா?"

"கவனம் சிதறக் கூடாது பாரு."

"அப்ப இது அலங்காரம் இல்ல, கருவி."

"கருவியேதான்! கருவிக்கு மரியாதையா ஒரு அறை வேணும். கருவி பிடிக்கிற உனக்கே இதைச் சொல்லணுமா?"

"வேணாம். ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வராங்கல்ல? அவங்க எதிர்ல ஒரு தடவை ஷேவ் பண்ணிக் காட்டிடுங்க. ரூம் உங்களுக்கு. முடியலைன்னா எனக்கு. அக்காவே தீர்ப்பு சொல்லட்டும்."

மானேஜருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. சொந்த அக்கா நீதிபதி! இவள் தர்க்கம் பல்லோடு சரி என்று நினைத்துக்கொண்டார்.

உண்மை என்னவென்றால், அந்த ஏழு கத்தியில் ஒன்றுகூட அவர் கன்னத்தைப் பார்த்ததில்லை. ஆபீஸில் விபத்துக் கோப்புகளாகவே படித்துப் படித்து, அவருக்கு வெங்காயம் நறுக்குவதைப் பார்த்தாலே விரல் கூசும். தாப்பாளுக்குப் பின்னால் அவர் சவரம் செய்துகொண்டது ஒரு பச்சை பிளாஸ்டிக் ரேசரில். அது வசித்தது, அலமாரிக்கடியில் கிடந்த பழைய ஷூவின் நுனியில்.

ஆனாலும் திட்டம் அபாரமானது. விடிந்ததும் பிளாஸ்டிக்கில் வழவழவென்று மழித்துவிடுவது. பிறகு அக்கா எதிரில் நுரை பூசி, கத்தியின் முதுகால் வழித்துவிடுவது. உலகத்தில் எந்த முதுகும் யாரையும் வெட்டியதில்லை.

ஞாயிறு விடிந்தது. வலது ஷூவில் கைவிட்டார். ஒரு செத்த பாச்சை. இடது ஷூவில் விட்டார். அதுவும் இல்லை. இரண்டையும் கவிழ்த்துத் தட்டினார். புழுதி வந்தது. கடைக்கு ஓடலாம் என்று கதவைத் திறந்தால் வாசலில் அக்கா.

"என்னடா தம்பி, மூஞ்சி உப்புத்தாள் மாதிரி இருக்கு?"

"இப்பத்தான்க்கா ஆரம்பிக்கப்போறேன்" என்றார். குரல் மட்டும் இன்னும் மானேஜர் குரலாகவே இருந்தது.

வாசல் அறை நடுவில் மனைவி நாற்காலி போட்டு வைத்திருந்தாள். துண்டு, வெந்நீர், நுரை எல்லாம் தயார். சன்னலில் கத்தி தீட்டுகிற தோல் வார்கூடக் கட்டியாயிற்று. மானேஜர் கன்னத்தில் நுரை பூசிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை விரித்தார். அது பளிச்சென்று சிரித்தது. அவர் கை ஆடிய ஆட்டத்தில் நுரை பறந்து அக்காவின் மூக்குக்கண்ணாடியில் போய் உட்கார்ந்தது.

"டேய், கத்தியை நீ பிடிச்சிருக்கியா, உன்னைக் கத்தி பிடிச்சிருக்கா? கீழ வைடா. எனக்கு இருக்கறது ஒரே தம்பி."

"இங்க கொடுங்க" என்றாள் மனைவி. "என் கை நடுங்காது. சாஞ்சு உட்காருங்க. கண்ணை மூடுங்க, நுரை போயிடும்."

மறுக்கலாம். ஆனால் அக்கா எதிரில் பயந்தவனாவது எப்படி? மானேஜர் கண்ணை இறுக மூடினார். தோல் வாரில் கத்தி தீட்டும் சத்தம் கேட்டது. சளப். சளப். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கன்னத்தில் ஏதோ ஜில்லென்று இறங்கியது. ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் முடிந்தது.

"இப்ப தொண்டை. பேசாதீங்க. எச்சில்கூட முழுங்காதீங்க."

வாயைத் திறக்க வழியில்லாதவர்களிடம் கேள்வி கேட்பதுதான் அவள் தொழில்.

"ஏங்க, இந்த ரூம்ல கிளினிக் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஆட்சேபணை இருந்தா தலையை ஆட்டுங்க."

மானேஜர் கல்லானார்.

"அக்கா, ஆட்டினாரா?"

"இல்லையேம்மா. சிலை மாதிரி இருக்கான்."

"கத்திப் பெட்டி எல்லாம் கட்டிலுக்கு அடியில போகட்டும். வேண்டாம்னா ஆட்டுங்க."

"அசையலையே! என்ன பெருந்தன்மைடா உனக்கு. எங்க வீட்டுக்காரர் ஒரு ஸ்டூலை நகர்த்தினாலே ஆயிரம் கேள்வி கேப்பார்."

"கடைசியா ஒண்ணு. வாரத்துல ஒரு நாள் நான் சமைக்கறேன், மிச்ச ஆறு நாள் ஓய்வு. கத்திக்கு உண்டான சட்டம்தான். சம்மதம் இல்லைன்னா ஆட்டுங்க."

நுரையோடு நுரையாக ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியது. தலை ஆடவில்லை.

"அப்ப சரி, தீர்ப்பு ஆச்சு" என்றாள் அக்கா.

துண்டு முகத்தைத் துடைத்தது. மானேஜர் தொண்டையைத் தடவிப் பார்த்தார். முழுசாக இருந்தது. உடனே வீரமும் திரும்பி வந்தது. துள்ளி எழுந்தார்.

"செல்லாது! கழுத்துல கத்தியை வச்சு வாங்கின சம்மதம் எந்தக் கோர்ட்லயும் செல்லாது! அக்கா, நீயே சாட்சி!"

"எந்தக் கத்திடா?" என்றாள் அக்கா.

மானேஜர் திரும்பினார். நீல வெல்வெட்டில் ஞாயிற்றுக்கிழமை மடிந்து, எண்ணெய் பூசி, தன் ஆறு தோழர்களோடு நிம்மதியாகப் படுத்திருந்தது. மனைவி தன் கையிலிருந்த பச்சை பிளாஸ்டிக் ரேசரை உதறிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க தினமும் பண்ற கருவியிலதாங்க பண்ணேன்."