பக்க விளைவே இல்லாத பாட்டில்

மனித குலத்தின் சாதனைகள் இரண்டு. ஒன்று, நெருப்பைக் கண்டுபிடித்தது. மற்றொன்று, ராயபுரத்தில் என் தலைமையில் இயங்கும் ‘இயற்கை மகப்பேறு ஆலோசனைக் குழு’.

என் தம்பி மகன் ஃப்ரெடியின் மனைவி சாண்ட்ராவுக்கு ஏழாம் மாதம். ஃப்ரெடி விசைப்படகில் கடலுக்குப் போயிருந்ததால் குழுவுக்கு எதிர்க்கட்சியே இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரை ‘கெமிக்கல்’ என்று ஒருமனதாகத் தள்ளுபடி செய்தோம். மணலி ரசாயன ஆலைகள் பக்கமிருந்து வந்த காற்றை மூக்கைப் பொத்திக்கொண்டு சுவாசித்தபடியேதான் தீர்மானம் போட்டோம்.

பதிலுக்கு, சாண்ட்ராவின் மாமியார் அடைக்கலமேரி கஷாயம் காய்ச்சினாள். என் மச்சான் நோயல் மீஞ்சூரிலிருந்து லேகியம் கொண்டுவந்தான். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா ஏதோ ஒரு வேரை இடித்துக் கொடுத்தாள். என் பங்குக்கு, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பச்சைச் சாறு.

யாருடையதை விடுவது? படகில் போன எல்லோருக்கும் மீனில் பங்கு உண்டு அல்லவா? அதே துறைமுக நியாயப்படி எல்லோர் பங்கையும் ஒரே பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினோம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

“மாமா, இத்த குடிச்சாலே தல சுத்துது. புள்ளைக்கு எதுனா ஆய்டுமோன்னு பயமா கீது” என்றாள் சாண்ட்ரா.

“அல்லாம் இயற்கைம்மா! சைடு எஃபெக்ட்டே கெடையாது!”

செக்கப்பில் நர்ஸ் கேட்டார்: “வேற மருந்து எதாவது சாப்பிடுறாங்களா?”

“ஒண்ணியும் இல்ல” என்றாள் அடைக்கலமேரி. பொய்யில்லை. வீட்டு அடுப்பில் காய்ச்சியது எப்படி மருந்தாகும்?

மறுவாரம் சாண்ட்ரா மயங்கி விழுந்தாள். இரண்டு ஆட்டோக்களில் குழு ஆஸ்பத்திரிக்கு விரைந்தது. டாக்டரம்மா குழந்தையின் இதயத்துடிப்பைத் தேடினார். நாங்கள் வெளியே கதவில் காதை ஒட்டவைத்தோம். துடிப்பு கேட்டது. உடனே, அது கஷாயத்தின் வெற்றி என்று வராந்தாவிலேயே தீர்மானம் நிறைவேறியது.

டாக்டரம்மா வெளியே வந்தார். “உள்ள வாங்க எல்லாரும். வீட்ல என்ன குடுத்தீங்க?”

நாலாயிரம் ஆண்டுப் பாரம்பரியத்தின் சார்பில் நான் தொண்டையைச் செருமினேன். “சும்மா தண்ணிதாங்க.”

கட்டிலில் கண்விழித்திருந்த சாண்ட்ரா, பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். “தண்ணிதான மாமா? இந்தா, நீ ஒரு மடக்கு குடி.”

அடைக்கலமேரியிடம் கொடுத்தேன். அவள் நோயலிடம் தள்ளினாள். நோயல் கோவிந்தம்மாவிடம். ஒரு சுற்றுச் சுற்றி, பாட்டில் தலைவர் கைக்கே திரும்பியது. டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு பிரஷர் கீதும்மா” என்றேன். “ஒத்துக்காம எதுனா ஆய்ட்டா இன்னா பண்றது?”