கட்டெறும்பு சார்

பதினேழும் சிவப்பு.

அம்மையப்பன் மறுபடி எண்டர் தட்டினான். மறுபடி பதினேழு. கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். திறந்து பார்த்தால் திரை முழுக்க மிளகாய் காயப்போட்ட மாதிரி கிடந்தது.

"என்னண்ணே, ரத்தம் வருது?" என்றான் மேல் மாடி கௌஸ் முகைதீன். துபாய் அல் குசைஸில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். வாங்கிப்போன சார்ஜரைத் திருப்பிக் கொடுக்க வந்தான். கொடுத்துவிட்டான். ஆனால் போகவில்லை.

"டெஸ்ட்டு, பாய். ஓட விட்டா எல்லாம் பச்சையா வரணும்."

"ஃபார்மட் அடிச்சிரலாமா?"

"எதைக் கொண்டாந்தாலும் ஃபார்மட்டுதானா?"

"நான் அடிச்ச லேப்டாப் எதுவும் இதுவரைக்கும் என்னைக் குறை சொன்னதில்லண்ணே."

விஷயம் இதுதான். அம்மையப்பனின் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். மாசக் கடைசியோடு அவன் வேலை கலாஸ். வேலை போனால் விசா போகும். விசா போனால் இந்த ஃப்ளாட், நாலாவது படிக்கும் மகள் தன்யாவின் ஸ்கூல், எல்லாம் போகும். கையில் இருப்பது ஒரே ஒரு இண்டர்வியூ. திங்கட்கிழமை. சாஃப்ட்வேரில் ஓட்டை தேடும் டெஸ்டிங் வேலை. அதற்கு அனுப்பிய பயோடேட்டாவில் முதல் ஐந்து வரி உண்மை. ஆறாவது வரி, 'ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பாளர்'.

சும்மா அழகுக்குப் போட்டது. அவர்கள் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 'நீங்கள் பங்களித்த லிங்க்கை திங்கள் காலைக்குள் அனுப்பவும்.'

ஓப்பன் சோர்ஸ் என்பது ஊர் கூடி இழுக்கிற தேர். யார் வேண்டுமானாலும் வடத்தில் கை வைக்கலாம். கூலி கிடையாது. ஆனால் கோணலாக இழுத்தால் முட்டுக்கட்டை போட ஒருவர் சக்கரத்துப் பக்கத்திலேயே நிற்பார். நம்முடைய திருத்தத்தை அவர் பார்த்துச் சரி என்றால்தான் அது உள்ளே போகும்.

அம்மையப்பன் ஒரு குட்டித் தேராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். வளைகுடாத் தமிழர்களுக்கான காலண்டர் ஆப். துபாய், தோஹா, யான்பு என்று அந்தந்த ஊர்ச் சூரியனை வைத்து ராகு காலம் கணக்குப் போட்டுச் சொல்லும். நம்மாட்கள் செய்தது, சுலபமாக இருக்கும் என்று நினைத்தான். முட்டுக்கட்டைக்காரரின் பெயர் 'கட்டெறும்பு'. படம்கூட எறும்புதான்.

திருத்துவதற்கு முன்னால் அந்த ஆப்பைத் தன் லேப்டாப்பில் ஓட வைக்க வேண்டும். அதைத்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து செய்துகொண்டிருக்கிறான். இன்று சனிக்கிழமை.

"ஏங்க, முதல்ல அந்த ஆப்போட வர்ற ரீட்மீயைப் படிச்சீங்களா?" சமையலறையிலிருந்து ஜெயபாரதி கேட்டாள். அவன் மனைவி. மதுரையில் எம்.சி.ஏ. முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அம்மையப்பனும் கேட்கவில்லை.

"அதெல்லாம் ஒண்ணும் தெரியாதவங்களுக்கு, பாரதி."

"'என்னைப் படி'ன்னு பேர் வச்சிருக்காங்க. இன்னும் எப்படிங்க கெஞ்சறது?"

"நான் வீடியோ பாத்துப் பண்றேன்."

"எந்த வீடியோ?"

"மூணு வீடியோ."

"மூணுமே ஒரே ஆப்புக்கா?"

ஒன்று வேறு கம்ப்யூட்டருக்கு. ஒன்று ஆறு வருஷத்துக்கு முந்தையது. மூன்றாவது இந்தியில் இருந்தது. அவனுக்கு இந்தி, டாக்ஸிக்காரரிடம் வலது இடது சொல்கிற அளவுக்குத்தான் வரும்.

அதற்குள் செய்த வேலைகளைக் கேளுங்கள். ஒரே புரோகிராம் மொழியை நாலு பதிப்பாக ஏற்றினான். நாலும் ஒன்றை ஒன்று சக்களத்தி மாதிரி முறைத்தன. லேப்டாப் இடம் போதவில்லை என்றது. பெரியதாகத் தெரிந்த ஒன்றை அழித்தான். அது அவன் அப்போதுதான் இறக்கிய ஆப். மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றி, கடைசியில் ஓடியது.

ஓடியதும் பதினேழு சிவப்பு.

கௌஸ் முகைதீன் போன பிறகு அம்மையப்பன் ஒவ்வொரு சிவப்பாக உற்றுப் பார்த்தான். வெள்ளிக்கிழமை துபாயில் பதினொன்று ஏழுக்கு ஆரம்பிக்க வேண்டிய ராகு காலம், பன்னிரண்டு முப்பத்தேழு என்று வந்தது. அடுத்ததும் ஒன்றரை மணி நேரம் தள்ளி. அதற்கடுத்ததும்.

அவன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

"பாரதி! ஆப்பே தப்பு! எல்லாத்துலயும் ஒன்றரை மணி நேரம் கூட வருது. இத்தனை வருஷமா ஒருத்தனும் பாக்கல. நான் பாத்துட்டேன்!"

"அப்படியா?"

"ஒரே வரி போட்டேன். எல்லாத்துலயும் ஒன்றரை மணி நேரம் கழிச்சுக்கோன்னு. வந்து பாரு, பதினேழும் பச்சை!"

"சட்னிக்குத் தாளிக்கறேன். அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன். கூடவே ஒரு குறிப்பும் போட்டேன். 'கட்டெறும்பு சார், உங்கள் மென்பொருளில் பெரும் பிழை. நான் சரி செய்துவிட்டேன். திங்களுக்குள் சேர்த்துக்கொள்ளவும்.'"

சமையலறையில் கடுகு வெடித்தது. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

ஐந்தே நிமிஷத்தில் பதில் வந்தது.

'வணக்கம். இதைச் சேர்த்தால் துபாயில் வெள்ளிக்கிழமை ராகு காலம் காலை ஒன்பது முப்பத்தேழுக்கே வந்துவிடும். சூரியன் இதற்குச் சம்மதிக்கவில்லை. ஒரு சந்தேகம். நீங்கள் இருப்பது துபாயில், உங்கள் லேப்டாப் கடிகாரம் இருப்பது இந்தியாவிலா?'

அம்மையப்பன் மெதுவாகத் திரையின் மூலையைப் பார்த்தான். சுவரில் மணி பத்து. லேப்டாப்பில் பதினொன்றரை.

இது வளைகுடாவில் பாதி வீடுகளில் உள்ள வழக்கம். ஊரில் அம்மா தூங்கும் நேரத்தில் போன் போட்டு எழுப்பிவிடக் கூடாது என்று ஏதாவது ஒரு கடிகாரத்தை இந்திய நேரத்தில் வைத்திருப்பார்கள். இந்த வீட்டில் அது லேப்டாப். வாங்கிய நாளிலிருந்து அது ஊரிலேயே குடியிருக்கிறது. துபாய்க்கு வந்ததே இல்லை.

ரீட்மீயைத் திறந்தான். முதல் வரி: 'கம்ப்யூட்டர் கடிகாரம் துபாய் நேரத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும்.'

"பாரதி... பாரதி, இவர் மனுஷனே இல்ல."

"யாரு?"

"கட்டெறும்பு சார். எங்கயோ உக்காந்துக்கிட்டு என் லேப்டாப்ல மணி என்னன்னு சொல்றாரு! ஜெர்மனில, முனிச்ல புரொஃபசரா இருப்பாரு. தாடி இருக்கும்."

"தாடியா?"

"இந்த அறிவுக்குத் தாடி இல்லாம இருக்குமா? என்ன ஒரு நிதானம் பாரு! 'சூரியன் சம்மதிக்கவில்லை'ங்கறாரு. திட்டற மாதிரியே இல்ல, ஆனா நல்லா வலிக்குது. இந்த மாதிரி ஒரு மூளையோட ஒரு நாள் ஒரே கூரைக்குக் கீழ இருந்தாப் போதும், நான் எங்கயோ போயிடுவேன்."

"ம்."

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீ போன்ல சீரியல் பாரு."

பிறகு கைகூப்பி நிற்கிற பாவனையில் டைப் அடித்தான். 'சார், மன்னிக்கவும். தாங்கள் சொன்னதே சரி. எனக்கு வேலை போகப்போகிறது. திங்களுக்குள் ஏதாவது ஒரு சின்னத் திருத்தமாவது சேர வேண்டும். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள் சார்.'

உடனே பதில் வந்தது.

'புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடங்கள், பழகிப்போன எங்களுக்குத் தெரிவதில்லை. நேற்றிலிருந்து நீங்கள் செய்த தவறுகளை எல்லாம் வரிசையாக எழுதி அனுப்புங்கள். வழிகாட்டியில் சேர்க்கலாம். அது உண்மையான பங்களிப்பு. சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள். தோசை ஆறுகிறது.'

அம்மையப்பன் கடைசி வரியை மூன்று தடவை படித்தான். முனிச்சில் ஏது தோசை?

நிமிர்ந்தான். எதிரே ஜெயபாரதி நின்றாள். ஒரு கையில் தோசைத் திருப்பி. இன்னொரு கையில் போன். போனில் எறும்பு.

"நீயா?"

"நான்தான்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா. உங்க அம்மா கொடுத்துவிட்ட காலண்டருக்கும் இந்த ஊர்ச் சூரியனுக்கும் ஒத்தே வரல. நானே எழுதிட்டேன்."

"சீரியல்?"

"சீரியல் நான் பாத்து நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. போனைப் பார்க்கிற பெண்டாட்டியைப் பார்த்திருக்கிறான். போனுக்குள் என்ன என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. இரண்டு லட்சம் பேர் இவள் கணக்கைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறார்கள், கடை திறக்கிறார்கள். இவளோ இதே ஹாலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பௌர்ணமியைப் பக்கத்தில் பார்த்த மாதிரி அவன் வாய் திறந்தபடியே இருந்தது. அதில் அவள் ஒரு வாய் தோசையை வைத்தாள்.

"பாரதி... நீயே அதைச் சேர்த்துடேன். ஒரு கிளிக்தான?"

"வீட்டு ஆள் திருத்தத்தை நான் சேர்க்கக் கூடாதுங்க. யாழ்ப்பாணத்துல ஒருத்தங்க இருக்காங்க, அவங்கதான் பாக்கணும். ஒழுங்கா எழுதுங்க."

எழுதினான். கூச்சத்தை விட்டுவிட்டு, அன்று முழுக்க உட்கார்ந்து எழுதினான். மொத்தம் பதினொரு தவறு. எதை எதோடு கலந்தால் எது கெடும், கெட்டால் திரையில் என்ன வரும், எப்படி மீள்வது என்று ஒன்று விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்து அம்மா 'மிக நல்ல வேலை' என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். பதினொரு தவறும், பக்கத்தில் அம்மையப்பன் பெயரும், உலகம் இருக்கும் வரைக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

திங்கட்கிழமை இண்டர்வியூ. மேனேஜர் பாலா, திருச்சிக்காரர். லிங்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். சிரிக்கவில்லை. அதுதான் அம்மையப்பனுக்குப் பயமாக இருந்தது.

"எழுதினது நீங்கதான். அது தெரியுது. இந்தப் பதினோரு தப்பையும் பண்ணது யாரு?"

அம்மையப்பன் டையைச் சரி செய்தான். வேலைக்கு வந்த இடத்தில் தன்னை முட்டாள் என்று யாராவது சொல்லிக்கொள்வானா?

"என் வொய்ஃப் சார். அவ பண்ணப் பண்ண, நான் பக்கத்துல இருந்து நோட் எடுத்தேன்."

பாலா மேஜையைத் தட்டினார்.

"பாருங்க மிஸ்டர் அம்மையப்பன், நோட் எடுக்க எங்ககிட்ட ஆள் இருக்கு. ஒரு சாஃப்ட்வேரைப் பதினோரு விதமா உடைச்சு, விடாம நின்னு அதை ஓடவும் வச்சாங்க பாருங்க, டெஸ்டிங்குக்கு எனக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும். அவங்க நம்பரைக் கொடுங்க."

கொடுத்தான். வேறு என்ன செய்வான்?

பாலா கூப்பிட்டபோது ஜெயபாரதி பொய் சொல்லவில்லை. "சார், அந்தப் பதினொண்ணும் அவர் பண்ணது. நான் கட்டெறும்பு" என்றாள். "அந்தக் கட்டெறும்பா? எங்க வீட்ல எந்த நல்ல காரியம்னாலும் உங்க ஆப்பைப் பாத்துட்டுத்தான் மேடம்!" என்றார் பாலா. புருஷனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். "தான் பண்ண தப்பைத் தான் பண்ணதுன்னு சொல்றவங்கதான் மேடம் டெஸ்டிங்குக்குச் சரிப்படுவாங்க" என்று முடித்துவிட்டார். அந்த வேலை அவளுக்கே வந்தது; ஒன்றாம் தேதி சேர்ந்தாள்.

இப்போது விசா அவள் பேரில். வளைகுடாப் பேச்சில், விசா கொடுத்து வைத்திருக்கிற அவள்தான் அவனுக்குக் கஃபீல். அம்மையப்பன் அவள் விசாவில் தங்கி வேலை தேடுகிறான், தன்யாவை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறான், பீன்ஸ் நறுக்குகிறான். கௌஸ் முகைதீன் மட்டும் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "என்னண்ணே, கஃபீல் டியூட்டி முடிஞ்சு வந்தாச்சா?" என்று விசாரிக்கிறான்.

இண்டர்வியூவுக்குக் கிளம்பின அன்று அவள் வாசல் வரை வந்து, காலரைத் திருத்தி, "தப்பு யாரோடதுன்னு கேட்டா நான்தான்னு சொல்லிடுங்க" என்று ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினாள். அதை அவன் சொல்லவில்லை.