உச்சி ஆணியில் ஒரு டோக்கன்

மல்யுத்தத்தில் உருப்படாத மேட்சுகள் எவை என்று ஒரு பட்டியல் எழுதினேன். முப்பது வருஷம் டிவி முன்னால் உட்கார்ந்தவனுக்கு அந்த உரிமை உண்டு.

மல்யுத்தம் என்றால் இரண்டு பேர், ஒரு மேடை, நாலு பக்கம் கயிறு. அதோடு விட வேண்டும். விடமாட்டான்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மேட்ச் வைப்பான்கள். இரண்டு தடியன்கள் தலையில் பையை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் காற்றைத் துழாவுவான்கள். கரண்ட் போனால் என் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். சவப்பெட்டி மேட்ச் என்று ஒன்று. எதிராளியைப் பெட்டிக்குள் போட்டு மூட வேண்டும். மூடப்போகும் நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கை வரும். ஒவ்வொரு முறையும் வரும். நமக்குத் தெரியும். மூடுகிறவனுக்கு மட்டும் தெரியாது.

லம்பர்ஜாக் மேட்ச் இன்னும் மோசம். மேடையைச் சுற்றி இருபது பேர் நிற்பான்கள். சண்டை போடுகிறவன் தப்பித்து வெளியே குதித்தால், பிடித்து உள்ளே தள்ளுவான்கள். அவ்வளவுதான் வேலை. சும்மா நிற்க இருபது பேர். நான் இருந்த லேத் பட்டறையில்கூட ஐந்து பேருக்கு மேல் சும்மா நின்றதில்லை.

முதலிடம் கம்ப மேட்சுக்கு. மேடை மூலையில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் ஒரு தடியைத் தொங்கவிடுவான்கள். ஏறி எடுத்தவன் அதால் மற்றவனை அடிக்கலாம். நான் கேட்கிறேன், மேடைக்கு அடியில் பத்து தடி கிடக்கிறதே, குனிந்து எடுத்தால் என்ன? ஒருவனும் குனிய மாட்டான். எல்லோருக்கும் உச்சியில் தொங்குவதுதான் வேண்டும்.

இதை மனைவியிடம் பல முறை சொல்லியிருக்கிறேன். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அப்படி நினைத்தது என் முதல் தப்பு.

அன்று சனிக்கிழமை. மாலை நாலு மணிக்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பட்டப் போட்டி. நாலரைக்குப் பல் டாக்டர். மூன்று வாரமாக ஒரு கடைவாய்ப் பல் என்னைப் படுத்துகிறது. பிடுங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி இரண்டு முறை டோக்கன் வாங்கினாள். இரண்டு முறையும் எனக்கு வேறு வேலை வந்துவிட்டது.

பயமெல்லாம் இல்லை. பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

“இன்னிக்கு வர்றீங்க இல்ல?” என்றாள் காலையில்.

“பாக்கலாம்.”

“போன தடவையும் பாக்கலாம்னுதான் சொன்னீங்க. அப்புறம் தண்ணித் தொட்டிக்குள்ள போய் உக்காந்துட்டீங்க.”

“கழுவினேன்.”

“நாலு மணி நேரமா?”

“பெரிய தொட்டி.”

“இன்னிக்கும் வரலைன்னா பொண்ணுக்குப் போன் போடுறேன். அவ வந்து கூட்டிட்டுப் போகட்டும்.”

மகள் வந்தால் பல்லோடு நிற்காது. ரத்தம், சர்க்கரை, கண், காது என்று ஒரு வாரம் போகும். வாயை மூடினேன். மூடியதில் பல் வலித்தது.

அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “உங்க மல்யுத்தக்காரனுங்க எவ்வளவோ தேவலை. கம்பத்துல எதையோ மாட்டி, எடுத்தவனுக்கு ஜெயம்னு ஒரு நியாயமாவது வெச்சிருக்கானுங்க. இந்த வீட்ல எதுக்குமே முடிவு கிடையாது.”

“எடுத்தவனுக்கு ஜெயம் இல்ல. எடுத்ததை வெச்சு அடிக்கணும். தெரியாம பேசாத.”

“ஏதோ ஒண்ணு. எனக்கென்ன தெரியும்.”

அப்போது எனக்குப் பொறி தட்டியது. அவள் ஐந்தடிக்கும் குறைவு. முழங்கால் வலி வேறு. உருப்படாத மேட்சுக்கும் ஒரு உபயோகம் உண்டு போலிருக்கிறது.

“வெச்சுக்குவோமா?” என்றேன்.

“எதை?”

“கம்ப மேட்ச். ஹால் சுவர்ல உச்சி ஆணி இருக்கில்ல? அதுல டோக்கனை மாட்டுறேன். நாலு மணிக்குள்ள டோக்கன் உன் கையில இருந்தா, வாயைத் தொறந்துக்கிட்டே வர்றேன். இல்லைன்னா இந்த வீட்ல பல்லுங்கிற பேச்சே கூடாது. பொண்ணுக்குப் போனும் கிடையாது.”

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நான் எங்க ஏறுறது” என்று முனகினாள். பிறகு, “சரி” என்றாள்.

ஆடிப்போனேன். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் நான் கேட்ட முதல் ‘சரி’ அது.

உள்ளே போய், நாலாக மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து “இந்தாங்க” என்றாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த டாக்டர் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பல் கூசும்.

பக்கத்து வீட்டுக்காரன் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். தெருவில் அவனுக்குப் பெயரே தபால்தான். இருபது வருஷமாக என்னோடு மல்யுத்தம் பேசுகிறவன். அவனிடம் ஏணி வாங்கினேன். ஏறினேன். தாளை ஆணியில் குத்தினேன். மேலேயிருந்து மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். அவளுக்கு இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

ஏணியைத் திருப்பிக் கொடுத்தேன்.

“யார் கேட்டாலும் கொடுக்காத.”

“தங்கச்சி கேட்டா?” என்றான் தபால்.

“அவ கேட்டாத்தான் முக்கியமா கொடுக்காத.”

முக்காலி இரண்டையும் மொட்டை மாடியில் வைத்துப் பூட்டினேன். ஒட்டடைக் கம்பையும் விடவில்லை. முப்பத்தெட்டு வருஷம் லேத்தில் நின்றவன். நூலளவு இடைவெளி விடமாட்டேன். என் சாய்வு நாற்காலியை ஆணிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மணி பத்து.

அவள் ஏணி தேடவில்லை. ஆணிப் பக்கம் திரும்பவேயில்லை. துணி மடித்தாள். செடிக்குத் தண்ணீர் விட்டாள். மதியம் சாப்பாட்டை என் மடிக்கே கொண்டுவந்தாள்.

“எழுந்திருக்கவே மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

“சரி. மெதுவா மெல்லுங்க.”

ஒரே நாளில் இரண்டாவது ‘சரி’. உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா இவளுக்கு என்று பயமாகிவிட்டது.

மூணே முக்காலுக்குத் தலை வாரி, செருப்பு மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“கிளம்புங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். தாள் ஆணியில் பத்திரமாக இருந்தது. “டோக்கன் மேல இருக்கு. மேட்ச் முடியலை.”

“கொஞ்சம் காலைத் தூக்குங்க.”

தூக்கினேன். குனிந்தாள். என் நாற்காலிக்கு அடியிலிருந்து தன் கைப்பையை இழுத்தாள். திறந்தாள். மஞ்சள் அட்டை. டாக்டர் முத்திரை. பதினேழாம் நம்பர்.

என் தாடை தானாகத் தொங்கிவிட்டது. டாக்டர் அங்கே இருந்திருந்தால் அப்போதே பிடுங்கியிருப்பார்.

“அப்ப மேல தொங்குறது?”

“அது ஏதோ தாளு.”

“டோக்கன்னு சொல்லித்தானே கொடுத்த?”

“இந்தாங்கன்னுதான் சொன்னேன்.”

யோசித்தேன். இந்தாங்க என்றுதான் சொன்னாள்.

“இது ஏமாத்து.”

“ரெஃபரி பாக்கலையே.”

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இந்த வார்த்தையெல்லாம் இவள் எங்கே பொறுக்கினாள்?

“நீங்கதானே சொல்வீங்க,” என்றாள். “மேடைக்கு அடியில பத்து தடி கிடக்கு, ஒருத்தனும் குனிய மாட்டான், உச்சியையே பாப்பான்னு. முப்பது வருஷமா இதைக் கேட்டுக்கிட்டேதான் பாத்திரம் தேய்க்கிறேன். இன்னிக்குப் பத்து மணியிலேருந்து உச்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தது யாரு?”

இதற்குப் பதில் என்னிடம் இல்லை. கால் இருந்தது. பின்வாசலுக்கு ஓடினேன்.

வாசலை அடைத்து ஏணி நின்றது. ஏணிக்குப் பின்னால் தபால் நின்றான்.

“எங்கய்யா போற?”

“வழி விடு.”

“முடியாது. இந்தப் பக்கம் யாராவது ஓடி வந்தா உள்ள தள்ளணும்னு தங்கச்சி சொல்லியிருக்கு.”

“இருபது வருஷப் பழக்கம்யா.”

“என் டிவி படுத்து ஒரு மாசம் ஆச்சுய்யா. பட்டப் போட்டியை உன் டிவியில பாத்துக்கன்னுச்சு. உன் நாற்காலியில.”

தோளைப் பிடித்துத் திருப்பி, உள்ளே தள்ளினான். லம்பர்ஜாக்குகளைப் பற்றி எழுதியதை மனசுக்குள் அப்போதே அடித்தேன். அவர்கள் சும்மா நிற்கவில்லை.

டாக்டர் மரியாதைக்காரர். ஊசி போட்டார். மரத்ததும் குறடை எடுத்தார். “நான் மூணு எண்றதுக்குள்ள முடிஞ்சுடும் சார்” என்றார். ஒண்ணு. ரெண்டு. மூணு. மேடையில் ஒருவனை மல்லாத்தி அமுக்கியதும் ரெஃபரி போடும் அந்த எண்ணிக்கையை நான் ஆயிரம் முறை ரசித்திருக்கிறேன். மல்லாந்து கிடப்பவன் பக்கத்திலிருந்து கேட்டது அதுதான் முதல் முறை.

வாயில் பஞ்சோடு வீடு திரும்பினேன். தபால் என் நாற்காலியிலிருந்து மனசில்லாமல் எழுந்தான்.

“பிரமாதம்யா. கடைசியில ஒரு கம்ப மேட்ச் வேற. நீ பாத்திருக்கணும்.”

பஞ்சு இருந்ததால் திட்ட முடியவில்லை. ஏணியைக் காட்டினேன். சுவரில் சாய்த்துக் கொடுத்துவிட்டுப் போனான். ஏறி, தாளை எடுத்து, முதல் முறையாகப் பிரித்தேன். மனைவி கையெழுத்து. தேதி வெள்ளிக்கிழமை.

‘சோப்பு ரெண்டு.

தபால் அண்ணனிடம் பின்வாசல், டிவி பேசியாச்சு.

காலையில் கம்ப மேட்ச் பேச்சை எடுக்கணும். தப்பாகச் சொல்லணும். அப்போதுதான் திருத்த வருவார்.

அவரே வெச்சுக்குவோமா என்பார். உடனே சரி சொல்லக் கூடாது. முதலில் முழங்கால்.

டோக்கன் இருக்கிற பையை அவர் நாற்காலிக்கு அடியிலேயே தள்ளிவிடணும். குனிய மாட்டார்.

இந்தத் தாளையே மடித்துக் கொடுத்தால் போதும். பிரிக்க மாட்டார்.

ஏணி மேல் நின்று ஜெயித்த மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். அப்போது மட்டும் சிரித்துவிடக் கூடாது.’