கடலில் கிடக்கும் என் போன்

கடவுள் கிருபையால் எந்த ஊரில் இருந்தாலும் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டிய என் அன்புத் தம்பிக்கு, அக்கா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். உன் மகள் வாண்டுவும் சௌக்கியம்.

நேற்று நீ போன் செய்தபோது "நான் செத்துட்டேன்டா, அப்புறம் பேசுறேன்" என்று சொன்னது உண்மைதான். அதுக்கப்புறம் நீ நூறு தடவை கூப்பிட்டிருப்பே. போன் கடலுக்குள்ள கிடக்குதுப்பா, நான் என்ன பண்ணுவேன்?

நீயும் உன் வீட்டுக்காரியும் வெளியூர் வேலைன்னு கிளம்பும்போது என்ன சொன்னே? "தினமும் வாண்டுவைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிட்டுப் போ, சும்மா உக்காந்திருந்தா போதும், எட்டு மாசம் காத்திருந்து வாங்கின இடம்க்கா, கெடுத்துடாதே"ன்னு சொன்னே. சும்மா உக்கார விட்டாத்தானே! தையல்கடை மாடியில ஏறினதுமே சுவத்துல எழுதியிருக்கு, கூட வர்ற பெரியவங்களும் விளையாடணும், விளையாட்டை மூணு தடவை கலைச்சா பிள்ளைக்கு இடம் கிடையாதுன்னு. முதல் நாள் ரொட்டிக்கடை விளையாட்டு. ஒரு குட்டிப் பொண்ணு வெறுங்கையை நீட்டி "சூடா இருக்கு, சாப்பிடுங்க"ன்னுச்சு. நானும் கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு, ஊதி ஊதிச் சாப்பிட்டேன். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பொண்ணு இன்னொண்ணும் கொடுத்துச்சு, சர்க்கரை வியாதியாச்சேன்னு கைப்பையில போட்டு வச்சேன். கொஞ்ச நேரத்துல அவ அதைத் திருப்பிக் கேக்குறா! பையைக் கவுத்துத் தேடிட்டு, "இல்லாத ரொட்டிக்கு நான் எங்கம்மா போவேன்?"னு வாய் தவறிடுச்சு. டீச்சர் ஒரு விரலைக் காட்டிட்டாங்க.

நேத்து படகு. நீலக் கம்பளம்தான் கடல், பெஞ்சுதான் படகு. மூணு வாரமா வகுப்புல வாயே திறக்காத உன் மக திடீர்னு எழுந்து "நான்தான் கேப்டன்!"னா பாரு, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. கண்ணாடியைத் துடைக்கும்போது அது கீழ விழுந்துச்சு. எடுக்கக் கம்பளத்துல காலை வச்சேன். "அத்தையைச் சுறா தின்னுடுச்சு! செத்துட்டாங்க!"ன்னுட்டா கேப்டன். சரின்னு படுத்துட்டேன். அந்த நேரம் பார்த்துதான் நீ கூப்பிட்டே. "செத்தவங்க பேசக் கூடாது"ன்னு வாண்டு போனைப் பிடுங்கி நடுக்கடல்ல எறிஞ்சா. டீச்சர் ரெண்டாவது விரலையும் காட்டிட்டாங்க.

கடைசியில முடிவுப் பாட்டுப் பாடினாத்தான் கடல் கம்பளமாகும், நானும் உயிர்பிழைப்பேன். டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, பாடவே இல்லை. அதனால திங்கட்கிழமை வரைக்கும் நான் செத்தவதான். சமைக்க மட்டும் வாண்டு அனுமதி கொடுத்திருக்கா. சாமி கும்பிடலாமான்னு கைஜாடையில கேட்டேன், "மனசுக்குள்ள"ன்னுட்டா. எழுதினா பேசினதாகாதுன்னுதான் இந்தக் கடிதம். இன்னொரு விரல் காட்டினா உன் பிள்ளைக்கு இடம் போச்சு. என்னால ஆகாதுடா ராசா, இதைப் படிச்சதும் கிளம்பி வந்துடு.

ஆண்டவன் உங்களுக்கு ஆயுசையும், எனக்கு வாய்ப்பூட்டையும் தரட்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள (காலமான) அக்கா

பின்குறிப்பு: கிளம்பாதே! இப்பத்தான் டீச்சர் போனை எடுத்துக்கிட்டு வீட்டுக்கே வந்தாங்க. நான் வாயைத் திறக்கலை. வாண்டுதான் கேட்டா, "பாட்டுப் பாடினீங்களா?" இல்லையாம். "அப்போ கடல்ல எப்படி நடந்தீங்க?" டீச்சர் சிரிச்சுக்கிட்டே "அது வெறும் கம்பளம்தானே கண்ணு"ன்னுட்டாங்க. சொன்னதும் அவங்களே நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. வாண்டு ஒரு விரலைக் காட்டினா. மத்த பிள்ளைங்ககிட்ட சொல்லாம இருந்தா என் ரெண்டு விரலையும் மடக்கிடுறதா டீச்சர் ஒத்துக்கிட்டாங்க. இடத்துக்கு இனி பயமில்லை, நீங்க இன்னும் ஒரு வாரம் இருந்தே வாங்க. திங்கட்கிழமை நான்தான் திமிங்கலம். ஆனா போன் மட்டும் பண்ணாதே. எடுத்த இடத்துலயே போடச் சொல்லி வாண்டு டீச்சரைத் திருப்பி அனுப்பிட்டா.