இரண்டு பக்கமும் பெண் வீடு

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை

பாலக்காடு ஸ்ரீமான் வெங்கிடாசலம் அவர்கள் சமூகத்துக்கு, மட்டாஞ்சேரி கல்யாணராமன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் க்ஷேமம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் நான்கு நாளாக எனக்கு வயிறு சரியில்லை, என் அகத்துக்காரி கமலாக்ஷியும் என்னோடு பேசுவதில்லை. ஆகவே அவ்விடத்து க்ஷேமத்தை மட்டும் கோருகிறேன்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அல்லது தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்திருப்பீர்கள். அமெரிக்காவில் டூசான் என்கிற பாலைவன ஊரில் உங்கள் பெண் மாதுரி யாரோடு குடித்தனம் நடத்துகிறாளோ, அந்த தன்யாவின் தகப்பன் நான். இவ்விடத்து ஜூ டவுன் மிளகுக் கிடங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். குழந்தைகள் இரண்டு பேரும் வருகிற பிப்ரவரியில் அங்கேயே கல்யாணம் செய்துகொள்வதாகத் தீர்மானித்துவிட்டார்கள். அப்பாடா, எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்காக நாலு தாள் கிழித்தேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மாதுரி போன் செய்தால் இரண்டு வருஷமாக நீங்கள் எடுப்பதில்லையாம். அதனால் தன்யா இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். "அப்பா, அவர் வரல்லேன்னா மாதுரிக்குக் கல்யாணமே வேண்டாம்னு ஆயிடும். வாயத் தொறந்து சொல்ல மாட்டா, எனக்குத் தெரியும்" என்றாள். எனக்கோ இப்படி ஒரு கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிள்ளை வீட்டாருக்கு எழுதுவதென்றால் தெரியும், குனிந்து எழுத வேண்டும். இங்கே நானும் பெண்ணைப் பெற்றவன், நீங்களும் பெண்ணைப் பெற்றவர். யார் யாருக்குக் குனிவது? சீர் முறுக்கு யார் சுற்றுவது? காபியில் டிகாக்ஷன் போதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு சம்பந்தி வேண்டாமா? குறை சொல்ல ஆளில்லாத கல்யாணம் ஒரு கல்யாணமா என்று கமலாக்ஷியைக் கேட்டேன். அன்றையிலிருந்துதான் அவள் பேசுவதில்லை.

ஊரைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம். போன மார்ச்சில் நானே போய் மூன்று வாரம் இருந்து, பயப்பட வேண்டியதையெல்லாம் பயந்து முடித்துவிட்டு வந்தேன். வெயில் அடிக்கிறது, வியர்க்க மாட்டேன் என்கிறது. மட்டாஞ்சேரிக்காரனுக்கு அதுவே ஒரு பீதி. குடை பிடித்துக்கொண்டு நடந்ததால் தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் பெண்ணும் என் பெண்ணும் கை கோத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள், அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு கிழவர்கள், முப்பது வருஷமாகச் சேர்ந்து குடித்தனம், சப்பாத்திக்கள்ளிப் பழத்தில் ஜாம் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கல்யாணம் எப்போது என்று நம் ஊர் மாமிகளைப் போலவே கேட்டார்கள். மலைப்பக்கம் சுற்றிப் பார்க்கப் போனபோது ஹோட்டல்காரன் இவர்களுக்கு ஒரு சாவி, எனக்கு ஒரு சாவி கொடுத்து, காலையில் முட்டை சாப்பிடுவீர்களா என்று மட்டும் விசாரித்தான். நம் கொச்சியில் வைட்டிலா பக்கம் ஒரு லாட்ஜில் இவர்களிடம் விசாரித்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அந்த மலையில்தான் கள்ளிச்செடியின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போனேன். அந்த ஊர்க் கள்ளியில் ஒரு ஜாதி, லேசாக உரசினால் போதும், கணுவோடு கழன்று கூடவே வந்துவிடுகிறது. முதுகு முழுக்க முள். நான் பெற்ற பெண் சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உங்கள் பெண்தான் சீப்பை விட்டுக் கணுவைத் தள்ளி, என்னைக் காரில் குப்புறப் படுக்க வைத்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள். மிச்சத்துக்கு ஆஸ்பத்திரி. அங்கே ஃபாரத்தில் உறவு என்று கேட்ட இடத்தில் மாதுரி யோசிக்காமல் மருமகள் என்று எழுதினாள், வாங்கிப் பார்த்த நர்ஸும் யோசிக்கவில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். "எங்கப்பாவும் இப்படித்தான் அங்கிள், முள்ளு குத்தினா சொல்ல மாட்டார்" என்றாள்.

இதையெல்லாம் நேரில் சொல்லிவிடுவது என்று போன வாரம் பாலக்காட்டு பஸ் ஏறினேன். பேச வேண்டியதை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக் கையில் வைத்திருந்தேன். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நீங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு, "மீட்டர் வலத்துப் பக்கமாக்கும்" என்றீர்கள். என் கால் தானாக வலது பக்கம் போய்விட்டது. ஆமாம், உங்கள் வீட்டுக் கரண்ட் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு போனவன் நான்தான். சும்மா நிற்கக் கூடாதே என்று, ஒற்றை ஆள் இருக்கிற வீட்டில் இவ்வளவு கரண்ட் ஆகுமா என்று கேட்டும் வைத்தேன். நீங்கள் குழாயைக் கீழே போட்டீர்கள். "மாடில பொண்ணோட ரூம் இருக்கு. தினம் ஃபேன் போட்டு விடுவேன். ஓடாம கெடந்தா கேடு வந்துடும்" என்றீர்கள். நான் நோட்டை மூடினேன். உத்தரவு வாங்கிக்கறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மிட்டாய் கொடுத்தார்.

ஆகவே நீங்கள் என்மேல் கோபித்துக்கொள்ளலாம், பதில் எழுதாமலும் இருக்கலாம், பெண்ணைப் பெற்றவன் பொறுத்துக்கொள்வேன். நானும் அந்தக் கல்யாணத்துக்குப் போவதாக இல்லை. ஒரு பெண்ணின் பக்கத்தில் அப்பா நிற்க, இன்னொருத்தி வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் காண எனக்குத் தெம்பில்லை. குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதத்தை அனுப்பிவிட்டேன். உங்களுடையதையும் சேர்த்து அனுப்பலாமா என்று மட்டும் யோசியுங்கள்.

தங்கள் விதேயன்,
கல்யாணராமன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடவும். கவரை ஒட்டுவதற்குப் பசை தேடும்போது உங்கள் பார்சல் வந்தது. கல்பாத்தி சீர் முறுக்கு, தேங்காய், மஞ்சள், கூட உங்கள் சீட்டு: "கரண்ட் ஆபீஸ்காரன் யாரும் போகும்போது உத்தரவு கேட்க மாட்டான். பெண்ணைப் பெற்றவன்தான் கேட்பான். உங்கள் விலாசத்தை மாதுரிக்குப் போன் போட்டுக் கேட்டு வாங்கினேன். பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. புது பாஸ்போர்ட்டுக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். சீர் முதலில் என் பக்கத்திலிருந்துதான்." சீட்டை நான் கமலாக்ஷிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அவள் ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, நான்கு நாளுக்குப் பிறகு முதல் முறையாக வாயைத் திறந்தாள். உப்பு ஒரு கல் கூடுதலாம். யாராவது ஒருத்தர் பிள்ளை வீடாக இருந்துதானே ஆக வேண்டும் என்கிறாள்.